ஆஸ்டிராய்ட்ஸ் பெட்டியின் முதுகுப்பக்கம்

ஆர்கேடுக்குப் போகிற எல்லோரும் பெட்டியின் முன்பக்கம் நிற்பார்கள். நாம் இன்று பின்பக்கம் போகிறோம்! சுவரோரம் நிற்கும் பெட்டியை மெல்ல முன்னால் இழுத்து, பின்கதவின் பூட்டைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தோடு தலையை உள்ளே விடப்போகிறோம். அதுவும் எந்தப் பெட்டி? 1979-இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து அட்டாரி வெளியிட்ட வீடியோ கேம், ஆஸ்டிராய்ட்ஸ்! இதில் இன்னொரு சந்தோஷம், பெட்டி இப்போது படுத்துவிட்டது. பிளக்கைச் சொருகினால் உச்சியில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் டியூப்லைட் மட்டும் எரிகிறது. திரை இருட்டு. ஸ்பீக்கரில் மூச்சில்லை. கால் டாலர் காசைப் போட்டால் அது உண்டியலில் விழும் ஓசைதான் பதில். ஓடுகிற மெஷின் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. நின்றுபோன மெஷின்தான் வாய் திறந்து பேசும், கேட்கத் தெரிந்தால்.

முதல் வார்த்தையை அது இப்போதே சொல்லிவிட்டது, கவனித்தீர்களா? டியூப்லைட் எரிகிறது! அப்படியானால் சுவர் பிளக்கிலிருந்து கரண்ட் உள்ளே வருகிறது. கோளாறு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப்பக்கம் எங்கேயோ இருக்கிறது. கதவைத் திறப்பதற்கு முன்பே பாதி உலகத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று.

உள்ளே போவதற்கு முன் யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். லைல் ரெய்ன்ஸ் யோசனையைச் சொன்னார், எட் லாக் ப்ரோக்ராம் எழுதினார், ஹோவர்ட் டெல்மன் மின்சுற்றுகளில் உழைத்தார். நடுவில் ஒரு முக்கோணக் கப்பல், சுற்றிலும் மிதக்கும் பாறைகள், அவ்வளவுதான் காட்சி. சுட்டால் பெரிய பாறை இரண்டாக உடையும், அவை மறுபடி உடையும். பெரியதுக்கு 20 புள்ளி, நடுத்தரத்துக்கு 50, சின்னதுக்கு 100. இடையில் வந்து தொல்லை கொடுக்கும் சின்னப் பறக்கும் தட்டை வீழ்த்தினால் 1,000! ஜாய்ஸ்டிக் கிடையாது, ஐந்தே பொத்தான்கள். இதற்காக அமெரிக்கா வரிசையில் நின்றது. 70,000-க்கு மேல் பெட்டிகள் விற்றன. சில்லறை நிரம்பி வழிந்ததால் பெரிய உண்டியல் மாட்டவேண்டி வந்தது. சில மாதங்கள் முன்னால் வந்த லூனார் லேண்டரின் உற்பத்தியைக் குறைத்துவிட்டு, அதற்காகச் செய்து வைத்திருந்த பெட்டிகளிலேயே ஆஸ்டிராய்ட்ஸைப் போட்டு அனுப்பிய கதையும் உண்டு.

சரி, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே வெளியே வந்து நம் கண் எதிரில் தரையில் கிடக்கவேண்டும். கதவு திறக்கிறது!

உள்ளே நாலு பதிற்றாண்டுத் தூசி. தூசியோடு சூடான வார்னிஷின் பழைய வாசனை. இந்த வாசனைக்கே நான் மயங்குவேன். கதவோரத்தில் ஒரு குட்டி சுவிட்சைப் பாருங்கள். கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல்காரன் அது. ஆனால் மெக்கானிக் திறந்த கதவோடு சோதிக்கவேண்டுமே? அதன் தண்டை வெளியே இழுத்தால் சப்ளை மறுபடி வரும். பெட்டியை வடிவமைத்தவர்கள் நம்மை எதிர்பார்த்திருக்கிறார்கள்! ஒவ்வொரு பெட்டியோடும் முழு மின்சுற்று வரைபடங்களையும் சர்வீஸ் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கிறது. இன்று வாங்கும் எந்தச் சாதனம் இந்த மரியாதையை நமக்குக் கொடுக்கிறது?

தரையில் கனமான இரும்புத் தட்டில் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் பவர் சப்ளை. அமெரிக்க சேகரிப்பாளர்கள் அதைச் செல்லமாக 'செங்கல்' என்பார்கள். தூக்கிப் பார்த்தால் காரணம் தெரியும்! ஒரு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு ரெக்டிஃபையர் பிரிட்ஜ், ஒரு மொத்தமான நீலக் கண்டன்சர். எந்த நாட்டு மின்னழுத்தத்துக்கும் பெட்டியை மாற்ற உதவும் வண்ணச் சொருகிகளும் உண்டு. ஓரத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் படுத்திருக்கின்றன. ஃப்யூஸ்கள்!

கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய உலோக இழை. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது உருகி அறுந்து, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். அது எப்படி அறுந்திருக்கிறது என்பதில்தான் துப்பு. கண்ணாடி கருகி, உட்புறம் வெள்ளி பூசினது மாதிரி உலோகம் தெறித்திருந்தால் எங்கேயோ நேரடி ஷார்ட். ஒரே நொடியில் வெள்ளமாகக் கரண்ட் பாய்ந்து இழையை ஆவியாக்கிவிட்டது. இழை நடுவில் மட்டும் நாசூக்காக விட்டுப்போய், கண்ணாடி பளிச்சென்று இருந்தால் சமாசாரம் வேறு. கொஞ்சம் அதிகமாக, நெடுநேரம் சுமந்து களைத்திருக்கிறது, இல்லை வயதாகிவிட்டது. இன்னும் ஒரு வகை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: இழை முழுதாக இருக்கும், கண்ணாடி சுத்தமாக இருக்கும், ஆனால் ஃப்யூஸ் போயிருக்கும்! மூடிக்குள் இருக்கும் ஈயப்பற்று உருகி விட்டுப்போயிருக்கும். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதில் நாள் முழுக்கச் சுற்றிவருவார்கள்.

அதனால் மல்டிமீட்டர். பீப் மோடில் வைத்து, ஃப்யூஸை ஹோல்டரிலிருந்து வெளியே எடுத்துத்தான் சோதிக்கவேண்டும். உள்ளே இருக்கும்போது தொட்டால், ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாகக் கரண்ட் சுற்றி வந்து, செத்த ஃப்யூஸுக்கும் பீப் அடித்துவிடும். ஒவ்வொன்றாக எடுங்கள். பீப். பீப். பீப். அடுத்தது... மௌனம்! கிடைத்துவிட்டது! 5 வோல்ட் சப்ளைக்குப் போகும் ஃப்யூஸ். கண்ணாடி கன்னங்கரேலென்று இருக்கிறது.

இந்த இடத்தில் பெட்டிகளுக்குள் காணக்கிடைக்கும் விபரீதங்களையும் சொல்லவேண்டும். போன ஃப்யூஸின் மேல் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றித் திரும்ப மாட்டியிருப்பார்கள். வார இறுதிக் கூட்டம் வாசலில் நிற்கும்போது உதிரி ஃப்யூஸ் கையில் இல்லாத கடைக்காரரின் வேலை அது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீட்டர் பெட்டியின் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையில் கம்பி போய்விட்டால், கிடக்கிற ஒயரிலிருந்து தாமிர இழையை உருவி இரண்டு சுற்றுச் சுற்றிவிடும் கை எல்லாத் தெருவிலும் உண்டு. விளக்கு எரியும்தான். அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது உருகுவது ஒயராக இருக்கும், சில சமயம் வீடாக இருக்கும். ஆர்கேடு பெட்டி மரத்தூள் பலகையால் ஆனது. வெள்ளித்தாள் சுற்றிய ஃப்யூஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

மாற்றும் ஃப்யூஸைத் தேர்ந்தெடுக்கும் சட்டம் சுருக்கமானது, ஆனால் அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆம்பியர் அதே எண்ணாக இருக்கவேண்டும், ஒன்று கூடவும் கூடாது. வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல். காருக்கென்று விற்கும் 32 வோல்ட் கண்ணாடி ஃப்யூஸ் பார்க்க அச்சு அசலாக இருக்கும், பொருந்தியும் விடும். ஆனால் மெயின்ஸ் மின்சாரத்தில் அது அறும்போது இடைவெளியில் மின்பொறி அணையாமல் தொடரலாம். இங்கே தேவைப்படுவது 250 வோல்ட் வகை. அடுத்தது வேகம். பெட்டியை ஆன் செய்த நொடியில் அந்த நீலக் கண்டன்சர் காலியாக இருக்கும், கண்மண் தெரியாமல் கரண்ட்டைக் குடிக்கும். அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொள்ளத்தான் 'ஸ்லோ ப்ளோ' ஃப்யூஸ். அது இருக்கவேண்டிய இடத்தில் வேகமான ஃப்யூஸைப் போட்டால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே அறுந்துபோகும். வேகமானது இருக்கவேண்டிய இடத்தில் மெதுவானதைப் போட்டால், அது யோசித்து முடிப்பதற்குள் ட்ரான்சிஸ்டர் வெந்துவிடும்.

ஃப்யூஸைப் பிடித்திருக்கும் கிளிப்பையும் பாருங்கள். கறுத்து, தளர்ந்து, ஃப்யூஸ் அதில் லொடலொடவென்று ஆடினால் அந்த இடத்தில் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் மூடியின் ஈயம் இளகும். மேலே சொன்ன முழு இழையோடு செத்த ஃப்யூஸ் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது! அட்டாரி செங்கலை முழுக்கச் சீரமைப்பவர்கள் ஃப்யூஸ் பிளாக்கையே புதிதாக மாற்றிவிடுகிறார்கள். மிகச் சரியான வேலை.

புது ஃப்யூஸைப் போட்டு ஆன் செய்துவிடலாமா? கூடவே கூடாது! கருகிய கண்ணாடி என்ன சொன்னது? ஷார்ட். அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃப்யூஸ் போட்டால் ஒரு மின்னல், அவ்வளவுதான்.

சந்தேகத்தின் முதல் விரல் ரெக்டிஃபையர் பிரிட்ஜை நோக்கித்தான் நீளும். நாலு டயோடுகள் அடங்கிய சின்னச் சதுரக் கட்டை. மாறுமின்னோட்டத்தை ஒருபக்கமாகத் திருப்புவது அதன் வேலை. ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்தால், நல்ல டயோடு ஒரு பக்கம் அரை வோல்ட் சுமார் காட்டும், திருப்பி வைத்தால் ஒன்றும் காட்டாது. இங்கே ஒரு ஜோடியில் இரண்டு பக்கமும் சைபர். பிடித்துவிட்டோம்! உள்ளே ஒரு டயோடு உருகி வெறும் கம்பியாகிவிட்டது. புது பிரிட்ஜ் பெரிய விலையில்லை. அடியில் வெப்பக் களிம்பு தடவி, இரும்புத் தட்டோடு இறுக்கமாகத் திருகவேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்திலேயே நீலக் கண்டன்சர். சேகரிப்பாளர் உலகத்தில் 'பிக் ப்ளூ' என்று இதற்குப் பெயரே உண்டு. ஏறக்குறைய 27,000 மைக்ரோஃபாரட்! பிரிட்ஜிலிருந்து மேடும் பள்ளமுமாக வரும் மின்சாரத்தை நிரவி, பத்து வோல்ட் சுமாருக்கு அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. வயதானால் உள்ளே இருக்கும் திரவம் வற்றும். அப்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும், ஆட்டம் காரணமே இல்லாமல் நடுவில் நின்று முதலிலிருந்து தொடங்கும். பத்தே வோல்ட்தானே என்று இதன் முனைகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிடாதீர்கள். தேங்கிய மின்சாரம் மொத்தமாகப் பாய்ந்து இரும்பின் நுனியையே தின்றுவிடும்.

இப்போது என் பிரியமான கருவி, சீரிஸ் லேம்ப்! நம்மூர் ரேடியோ கடைகளில் மேஜை ஓரம் தொங்குமே ஒரு குண்டு பல்பு, அதேதான். அமெரிக்க மெக்கானிக்கும் அதையேதான் வைத்திருக்கிறார். சப்ளை வரும் வழியில் 60 அல்லது 100 வாட் பல்பைத் தொடராகக் கோக்கவேண்டும். இழை உள்ள பழைய பல்பாக இருக்கவேண்டும், எல்இடி உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்து, கரண்ட் முழுவதையும் தானே தாங்கிக்கொள்ளும். ஷார்ட் இல்லையென்றால் கண்டன்சர் நிரம்பும்வரை ஒரு பளிச், பிறகு மங்கிவிடும். செங்கலிலிருந்து போகும் எல்லா ஒயர் சொருகிகளையும் கழற்றி வைத்துவிட்டுச் செங்கலை மட்டும் ஆன் செய்யுங்கள். பளிச்... மங்கல்! அந்த மங்கலைப் பார்க்கும்போது கைதட்டத் தோன்றாதவர் யாராவது உண்டா? இனி ஒவ்வொரு சொருகியாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு முறையும் பல்பைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

அடுத்த சொருகி போவது பக்கச் சுவரில் இருக்கும் ஏஆர் போர்டுக்கு. ஆடியோ, ரெகுலேட்டர் இரண்டும் ஒரே பலகையில். பத்து வோல்ட்டைக் கச்சிதமான 5 வோல்ட்டாக இறக்குவது அங்கே பெரிய உலோகத் தொப்பி போட்டிருக்கும் 2என்3055 ட்ரான்சிஸ்டர். கேம் போர்டில் இருக்கும் ஆட்டத்தின் சிப்புகள் ரொம்ப ஆசாரமானவை. 4.75-க்குக் கீழே போனால் குழம்பும், 5.25-ஐத் தாண்டினால் ஆபத்து. இங்கேதான் இந்தப் பெட்டியின் மிக அழகான ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. ரெகுலேட்டர் தன் வாசலில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கேம் போர்டில் எத்தனை வோல்ட் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிறது! அதற்கென்றே இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டிலிருந்து திரும்பி வருகின்றன. பந்தியில் கடைசி இலைக்கு எவ்வளவு போனது என்று எட்டிப் பார்த்துவிட்டு வாளியை நிரப்புகிற சமையல்காரர் மாதிரி. வழியில் கொஞ்சம் குறைந்தால், இங்கே கொஞ்சம் கூட்டி அனுப்பிச் சரிக்கட்டிவிடும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு எப்போது கெடுதல் செய்யும்? கேம் போர்டைச் செருகும் 44 முனைக் கனெக்டர் கறுத்துப்போகும்போது. அங்கே வோல்ட் விழும், ரெகுலேட்டர் விடாமல் கூட்டிக்கொண்டே போகும், கனெக்டர் இன்னும் சூடாகும், இன்னும் கறுக்கும். கடைசியில் போர்டின் விளிம்பில் 5 வோல்ட் வரும் விரல்கள் வெந்து பழுப்பேறிவிடும். அதனால்தான் மீட்டரை எப்போதும் கேம் போர்டின் சோதனை முனையில் வைக்கவேண்டும். பிறகு ஏஆர் போர்டிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடவேண்டும். அங்கே 5.6, இங்கே 5.0 என்று வந்தால் குற்றவாளி நடுவில் இருக்கும் கனெக்டர்தான். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் வெள்ளை ரப்பரும் போதும், அழுக்கு வந்துவிடும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், பூச்சு போய்விடும். வெந்துபோன கனெக்டர் முனைகளைச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காமல் புதிதாகவே மாற்றிவிடலாம் என்பது என் கட்சி.

சுத்தம் செய்தாயிற்று. பல்பு மங்கலாகவே இருக்கிறது. கேம் போர்டில் 5.02 வோல்ட். பிரமாதம்! கட்டளைகளை ஓட்டும் 6502 சிப்புக்கு இனி உயிர் வரவேண்டும். நொடிக்குப் பதினைந்து லட்சம் துடிப்பில் ஓடுகிற சிப் அது. மொத்த ஆட்டமும் வெறும் 6 கிலோபைட் ப்ரோக்ராமில் அடங்கியிருக்கிறது, கோடுகளின் வடிவங்களுக்கு இன்னொரு 2 கிலோபைட். நம் கைப்பேசியில் ஒரு புகைப்படம் இதைப்போல் நூறு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டும்! போர்டில் 'வாட்ச்டாக்' என்று ஒரு காவல் சுற்று உண்டு. 6502 குறித்த இடைவெளியில் அதைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தட்ட மறந்தால், சிப் வழிதவறிவிட்டது என்று முடிவு கட்டி அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவைக்கும். போர்டு விடாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தால் அந்தக் காவல் நாய் குரைக்கிறது என்பார்கள்.

காசு போடுங்கள். ஸ்டார்ட் பொத்தானுக்குள் இருக்கும் சிவப்பு விளக்கு கண்சிமிட்டுகிறது! அழுத்துங்கள்.

தும்... தும்... தும்... தும்...

கேட்கிறதா? கேட்கிறதா! இரண்டே சுரத்தில் ஆஸ்டிராய்ட்ஸின் இதயத்துடிப்பு! திரை இன்னும் இருட்டு, ஆனால் உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. சுடும் பொத்தானைத் தட்டினால் 'ப்யூ', உந்தினால் சரசரவென்ற இரைச்சல். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறை மோதி வெடிக்கிறது. குருட்டாட்டம் என்று சொல்லத்தக்க இந்த நிலை எவ்வளவு பெரிய செய்தி! மூளை வேலை செய்கிறது, நினைவகம் வேலை செய்கிறது, ஒலிச் சுற்றுகள் வேலை செய்கின்றன. இந்தச் சத்தங்கள் பதிவு செய்யப்பட்டவை கிடையாது. பெரும்பாலானவற்றுக்குப் போர்டில் தனித்தனி மின்சுற்று இருக்கிறது. ஒரு சத்தம் மட்டும் காணாமல் போனால் நேராக அதன் சுற்றுக்குப் போய்விடலாம்.

திரை ஏன் இருட்டு? இங்கே ஒரு வித்தை காட்டப்போகிறேன், இதற்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்.

டிவியில் மின்கதிர் இடமிருந்து வலமாக வரிவரியாகத் திரை முழுக்கத் துழாவும். ஆஸ்டிராய்ட்ஸில் கதிர் ஒரு பேனா. பாறையின் கோட்டை வரைய வேண்டுமென்றால் நேராக அந்தப் புள்ளிக்குப் போய் அந்தக் கோட்டை மட்டும் வரையும். இதற்கு வெக்டர் மானிட்டர் என்று பெயர். அதனால்தான் கோடுகளில் படிக்கட்டு தெரிவதில்லை. தோட்டாக்கள் அப்படிக் கண்ணைப் பறிப்பதும் இதனால்தான்: ஒரே புள்ளியில் கதிர் நின்று அதைச் சுடவைக்கிறது! பேனாவை நகர்த்த கேம் போர்டிலிருந்து வருவது இரண்டே மின்னழுத்தங்கள். ஒன்று குறுக்குவாட்டத்துக்கு, ஒன்று நெடுக்குவாட்டத்துக்கு. மூன்றாவதாகப் பிரகாசத்துக்கு ஒன்று.

மானிட்டரை விட்டுவிடுங்கள். ஓர் ஆஸிலோஸ்கோப்பைக் கொண்டுவாருங்கள். எக்ஸ்-ஒய் மோடில் வைத்து, முதல் கம்பியைக் குறுக்கு முனையிலும் இரண்டாவதை நெடுக்கு முனையிலும் மாட்டுங்கள்.

ஆஸிலோஸ்கோப்பின் சின்னப் பச்சைத் திரையில் ஆஸ்டிராய்ட்ஸ்! பாறைகள் மிதக்கின்றன! கப்பல் நடுவில் நிற்கிறது! சோதனைக் கருவியிலேயே ஆடலாம்! பிரகாசத்துக்கான கம்பியை மாட்டவில்லை என்றால் பேனா தூக்கிய நிலையில் போகும் வழிகளும் தெரியும், பாறைக்குப் பாறை தாவும் மெல்லிய கோடுகளாக. முன்பக்கம் நிற்கும் எந்த ஆட்டக்காரரும் அந்தக் கோடுகளைப் பார்த்ததில்லை. பின்பக்கம் வந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தரிசனம் இது. 1958-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் பார்வையாளர்களுக்காக டென்னிஸ் ஆட்டம் ஒன்றைச் செய்தது ஆஸிலோஸ்கோப்பில்தான். 1962-இல் எம்ஐடியின் பிடிபி-1 கணினியில் ஓடிய ஸ்பேஸ்வார் விளையாட்டில்தான் இந்தக் கப்பலின் திருப்பமும் உந்துதலும் பிறந்தன. அந்த வம்சமே நம் மேஜை மேல் நெளிந்துகொண்டிருக்கிறது!

படம் இங்கே முழுதாக வருகிறது. அப்படியானால் கேம் போர்டு நிரபராதி, கோளாறு மானிட்டரில். எலெக்ட்ரோஹோம் ஜி05, 19 அங்குலம், கறுப்பு வெள்ளை. இங்கே குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் நுழையும் ஒயரில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தேங்கி நிற்கும். டியூபின் உலோகச் சட்டத்தோடு கம்பியால் இணைத்த ஸ்க்ரூடிரைவரை ரப்பருக்கு அடியில் நுழைத்து அதை இறக்கிவிட்ட பிறகே கை வைக்கவேண்டும். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை பின்னால் இருக்கட்டும், மின்சாரம் நெஞ்சைக் கடந்து போக வழி கொடுக்காதபடி. டியூபின் கழுத்து மெலிந்த கண்ணாடி. இடித்தால் போயிற்று. இந்த வகை வெக்டர் மானிட்டரை இன்று கடையில் கேட்டு வாங்க முடியாது.

மானிட்டருக்கென்று தனி ஃப்யூஸ்கள் உண்டு, அவற்றையும் எடுத்துப் பீப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கின்றன. இருட்டுக்கு இன்னொரு காரணம் இருக்கலாம். கதிர் அசையாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அந்தப் புள்ளியில் டியூபின் பாஸ்பர் பூச்சு வெந்து நிரந்தரத் தழும்பாகிவிடும். அதைத் தடுக்க 'ஸ்பாட் கில்லர்' என்று ஒரு சுற்று, அசைவு நின்ற உடனே கதிரை அணைத்துவிடும். அப்படியென்றால் திரை இருட்டாக இருப்பது மானிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளும் செயலாகவும் இருக்கலாம்! அசைவு ஏன் நின்றது? போர்டைக் கழற்றித் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒயர் சொருகி நிற்கும் முனைகளைச் சுற்றி முடி அளவு வட்டக் கீறல். டிரை சோல்டர்! ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்ததில் ஈயப்பற்று முனையை விட்டு விலகியிருக்கிறது. எந்தப் பாகமும் சாகவில்லை, கையோடு கை பற்றியிருந்தது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக வைத்து, அது ஒவ்வொரு முனையிலும் பளபளவென்று கூம்பாக ஏறி நிற்பதைப் பார்ப்பதில் உள்ள இன்பத்துக்கு ஈடு கிடையாது. ட்ரான்சிஸ்டர்களை டயோடு மோடில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி மாட்டுகிறோம்.

ஆன்.

டியூபின் கழுத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் சிவக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இன்னும் கொஞ்சம். வந்துவிட்டது! கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு, அதன் மேல் தீற்றிய வெள்ளைக் கோடுகள்! முன்பக்கம் ஓடிவந்து காசுக் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் செல்ஃப் டெஸ்ட் சுவிட்சைத் தள்ளுகிறோம். பெட்டி தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்கிறது. சோதனைக் கோடுகள் திரையில் விரிகின்றன. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் ஒலி கொடுத்து 'இது சரி' என்கிறது. ஐந்தில் நாலு பதில் சொல்கின்றன, ஹைப்பர்ஸ்பேஸ் பொத்தான் மட்டும் முரண்டு பிடிக்கிறது. அடியில் உள்ள தகடுகளுக்கு நடுவே ஆல்கஹால் நனைத்த காகிதத் துண்டை வைத்து ஒருமுறை இழுத்தால் போதும். ஐந்தும் ஒலிக்கின்றன!

இப்போது பெட்டியைத் தொடர்ந்து ஓடவிடவேண்டும். நடுநடுவே 5 வோல்ட்டை அளந்து, கனெக்டரையும் ஃப்யூஸ் கிளிப்பையும் சூடு பார்க்கவேண்டும். எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்கிறீர்களா? 1982 நவம்பரில் ஸ்காட் சாஃப்ரன் என்ற 15 வயதுப் பையன் பென்சில்வேனியாவில் ஒரே ஆட்டத்தை மூன்று நாள் இழுத்து 4,13,36,440 புள்ளி எடுத்தான். 2010 ஏப்ரலில்தான் ஜான் மெக்காலிஸ்டர் அதை முறியடித்தார், அதுவும் 2,300 புள்ளி வித்தியாசத்தில்! திரை காட்டுவதோ அதிகபட்சம் 99,990, அதற்குப் பிறகு சைபர். நூற்றுக்கணக்கான முறை சைபருக்குத் திரும்பி வந்ததை எண்ணித்தான் அந்தக் கணக்கு. அத்தனை மணி நேரமும் ஒரு கணம்கூட 5 வோல்ட் தள்ளாடவில்லை, ஒரு ஃப்யூஸ்கூட அறவில்லை. அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளைக்கும் ஒரு சாதனைப் பட்டியல் வைத்திருக்கவேண்டும் என்பேன்.

பின்கதவைப் பூட்டலாம். பழைய கருகிய ஃப்யூஸை ஒரு உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது, என்ன காரணம், என்றைக்கு மாற்றினோம் என்று எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறக்கிறவருக்கு அது தங்கம்.

முன்பக்கம் வாருங்கள்! ஆஸ்டிராய்ட்ஸ் தன் சாதனைப் பட்டியலைக் கரண்ட் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். அணைத்தால் அத்தனை பேரும் அழிந்துபோவார்கள். பழுது பார்த்த பெட்டியில் பட்டியல் எப்போதும் காலி. அதாவது இப்போது யார் எவ்வளவு மோசமாக ஆடினாலும், மூன்று எழுத்தைப் பொறித்து முதலிடம் பிடிக்கலாம்! காசு உங்களிடம் இருக்கிறதா, நான் போடட்டுமா?